சைக்கிளுக்கு எடை வரம்பு உண்டு, ஓட்டுகிறவருக்கு?

பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. இது சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000-ம் ஆண்டில் கொண்டுவந்த சட்டம். எடையைக் குறைக்கிறேன் என்று இழைத்துக்கொண்டே போனால், பாதி வழியில் உடைந்து ஆளைக் கவிழ்த்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

தராசில் 6.7 கிலோ காட்டினால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆனால் அதன் மேல் உட்காரும் வீரர் எவ்வளவு மெலிந்து வந்தாலும், "ஏம்பா, இத்தனை கிலோவாவது இருக்க வேண்டாமா?" என்று கேட்கச் சட்டம் இல்லை!

இது என்ன நியாயம்?

மலைதான் காரணம்

சைக்கிளில் டபுள்ஸ் போனவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். சமதரையில் பின்னால் ஆள் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. பாலம் ஏறும்போதுதான் மூச்சு வாங்கும்.

பந்தயத்திலும் அதே கதைதான். சமதரையில் எதிரி காற்று. மேட்டில் எதிரி எடை.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் 3 வாரம் நடக்கிறது. மொத்தம் 21 கட்டம். 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டவேண்டும். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில்தான் பெரும்பாலும் வெற்றி தோல்வி முடிவாகிறது.

60 கிலோ வீரர், கிலோவுக்கு 6 வாட் வீதம் மிதித்தால் 360 வாட் சக்தி போதும். 80 கிலோ வீரர் அதே வீதத்தில் மிதிக்க 480 வாட் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு கிலோவையும் எதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஒல்லிதான் ஜெயிக்குமா?

அதுதான் இல்லை. ஸ்பெயின் வீரர் மிகேல் இண்டுரைன் 6 அடிக்கு மேல் உயரம், சுமார் 80 கிலோ. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து 5 முறை டூர் பட்டம் வென்றார்!

பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட்டும் கிட்டத்தட்ட அதே ஆகிருதி. 2021-ல் மோன் வான்டூ மலையை ஒரே நாளில் 2 முறை ஏறவேண்டிய கட்டத்தில் அவர்தான் முதலில் வந்தார். அதே டூரில் பாரிஸ் நகர சமதரை ஓட்டத்திலும் ஜெயித்தார்.

டென்மார்க்கின் ஜோனாஸ் விங்கேகோர் சுமார் 60 கிலோ. சுலோவேனியாவின் டாடேய் போகாச்சர் அவரைவிடச் சில கிலோ கூடுதல். 2022, 2023-ல் லேசானவர் ஜெயித்தார். 2024, 2025-ல் கனமானவர் ஜெயித்தார்.

ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே "சரியான எடை" கிடையாது. அவரவர் எலும்புக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடைதான் உண்டு.

பட்டினியின் விலை

வயிற்றைக் கட்டி எடையைக் குறைத்தால் முதலில் வேகம் கூடுவதுபோல் தோன்றும். பிறகு உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்கும். எலும்பு தேயும், அடிக்கடி நோய் வரும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதைத் தனி உடல்நலக் கேடு என்று அறிவித்து எச்சரித்தது. அடிக்கடி கீழே விழுகிற விளையாட்டில் எலும்பு தேய்ந்தால் என்ன ஆகும்?

2025-ல் பெண்கள் டூர் பட்டம் வென்ற பிரான்சின் பாலின் ஃபெரான்-பிரவோ, மலைக்காகவே எடையைக் குறைத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். 2-வது வந்த நெதர்லாந்தின் டெமி வோலரிங், தனக்கு அப்படி மெலிய விருப்பம் இல்லை என்றார். இருவரும் அனுபவசாலிகள். ஆனால் இதைப் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் 16 வயதுப் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

வழி இருக்கிறது

பனிச்சறுக்குப் பலகை கட்டித் தாவும் பந்தயத்தில் 2004-லேயே வழி கண்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குட்டைப் பலகைதான் கட்டவேண்டும். பலகை குட்டையானால் தாவும் தூரம் குறையும். பட்டினி கிடப்பதில் லாபம் இல்லை!

சைக்கிள் பந்தயத்துக்கும் இப்படி ஒரு விதி வரவேண்டும். எடை எவ்வளவு என்பதை அணி மானேஜர் முடிவு செய்யக்கூடாது; டாக்டர் சொல்லவேண்டும்.

உடைந்த சைக்கிளுக்குப் பதில் அடுத்த நிமிடமே வேறு சைக்கிள் கொடுக்கிறார்கள். உடம்பு உடைந்தால் எங்கே போய் வாங்குவது?