கடலுக்குள் ஒரு கொள்ளை நோய்

மீன்காரி கூடையை இறக்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்? செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அது சிவப்பாக இருந்தால்தான் பேரமே ஆரம்பம்! நான் சொல்லப் போகும் சங்கதியும் அந்தச் செவுளில்தான் இருக்கிறது. (சைவக்காரர்களும் தைரியமாகப் படிக்கலாம், குழம்பு வைக்கச் சொல்லப் போவதில்லை.)

நமக்கு அம்மையும் ஜலதோஷமும் வருகிற மாதிரி, கடல் மீன்களுக்கும் வைரஸ் கிருமிகளால் வியாதி வருகிறது. 1995 மார்ச் மாதம் தெற்கு ஆஸ்திரேலியக் கரையோரத்தில் மத்தி மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. நம் ஊர் மத்திக்கு அவை ஒன்றுவிட்ட சகோதரிகள். நாளுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வீதம் கிழக்கே ஒரு கிளையும் மேற்கே ஒரு கிளையுமாகச் சாவு பரவிற்று. சில மாதங்களுக்குள் 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரை நெடுக இதே காட்சி. நியூஜிலாந்தும் தப்பவில்லை.

கடலில் விஷம் ஏதாவது கலந்துவிட்டதா? விஷமானால் நீரோட்டத்தோடு அல்லவா போகவேண்டும்? இதுவோ நீரோட்டத்தை எதிர்த்தும் போயிற்று. மற்ற மீன்களெல்லாம் சுகமாக நீந்த, மத்தி மட்டும் மாண்டது. விஞ்ஞானிகள் செத்த மீன்களைச் சோதித்தபோது செவுளில் அகப்பட்டான் குற்றவாளி! ஹெர்ப்பிஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். குழந்தைகளுக்குச் சின்னம்மையும் பெரியவர்களுக்கு அக்கியும் தருகிறதே, அதற்குத் தூரத்து உறவு. செவுளின் மெல்லிய தோல் தடித்துப் போவதால் பிராணவாயு ரத்தத்தில் சேர வழியில்லை. தண்ணீருக்குள்ளேயே மீன் மூச்சு முட்டிச் சாகிறது, பாவம்.

ஆனால் ஓர் ஆச்சரியம். 11 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. வியாதி பெரியவைகளைத்தான் தேடிப் பிடித்தது.

மத்தி போனால் மத்தியை நம்பியவர்கள் கதி? விக்டோரியா மாகாணத்தில் பிலிப் தீவு என்று ஒன்று. அங்கே சுமார் ஒரு கிலோ எடையே தேறும் குட்டிப் பெங்குவின் பறவைகள் சாயங்காலமானால் வரிசையாகக் கரையேறும். அந்த வருஷம் அவைகளில் பல பட்டினியால் மடிந்தன. குஞ்சு பொரித்து வளர்ப்பதும் குறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, தான் தொடாத பறவையின் கூட்டைக் காலி செய்துவிட்டது, பார்த்தீர்களா?

இது எங்கிருந்து வந்தது? போர்ட் லிங்கன் ஊருக்கருகே, கடலில் பிடித்த சூரை மீன்களை வலைக் கூண்டில் அடைத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அவைகளுக்குத் தீனி, வெளிநாடுகளிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்த மத்தி. உறைய வைத்தால் வைரஸ் செத்துவிடாது. அதனால் பலருக்கும் சந்தேகம் அந்தப் பெட்டிகள் மேல்தான், நிரூபணம் கிடைக்கவில்லை. 1998 கடைசியில் அதே பிரதேசத்தில் மறுபடி கிளம்பியபோது, தெற்கு ஆஸ்திரேலியாவின் பருவ மீன்களில் சுமார் 70 சதவிகிதம் அழிந்தது. ஒரே கொள்ளை நோய் இரண்டு முறை! எனக்கும் அந்தப் பெட்டிகள் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

“ஐயோ, அந்த மீனைத் தின்றால்?” என்று கேட்பீர்கள். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை. கெட்டுப்போன மீனைத் தின்று வயிறு கெடுவது வேறு விஷயம். அதற்குத்தான் செவுளைப் பார்க்கிறீர்கள்.

பிடிக்கும் அளவைச் சர்க்கார் குறைத்தது. தப்பிய குஞ்சுகள் வளர்ந்து முட்டையிட்டன. இன்று ஆஸ்திரேலியாவில் எடைக் கணக்கில் மிக அதிகமாகப் பிடிபடும் மீன் மத்திதான். அதில் பெரும்பகுதி எங்கே போகிறது என்கிறீர்கள்? போர்ட் லிங்கன் சூரைகளுக்குத் தீனியாக!