பச்சையாகக் கக்கினால் வசம்பு வேண்டாம், வண்டி வேண்டும்

போன மாதம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்து வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பவர்) சாவகாசமாகச் சொன்னார்: "பேத்தி பொறந்து நாலு நாள் ஆச்சு சார். ராத்திரியிலேர்ந்து பச்சை பச்சையா கக்கறா. மாந்தம்தான். ஆத்துல வசம்பு சுட்டுக் குடுத்திருக்கா. நாளைக்குள்ள சரியாயிடும்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கோ" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "மூணு குழந்தை வளர்த்தவ சார் அவ!" என்றார்.

நான் சத்தம் போட்டதற்குக் காரணம் உண்டு. 1979-ல் தி.நகர் வீட்டில் என் தங்கையின் தலைச்சன் பிள்ளை, பிறந்த ஐந்தாம் நாள், இதேபோல் பச்சையாகக் கக்கியது. கிரைப் வாட்டர் கொடுத்தோம். வசம்பு உரைத்தோம். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினோம். யாரோ "குடலேற்றம்" என்றார்கள். அதற்கென்று ஒரு அம்மாள் வந்து வயிற்றை நீவி, புடவையில் போட்டு உருட்டினாள். அன்று இரவு "ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று தங்கை கேட்டாள். "காலையில் பார்த்துக்கலாம்" என்று சொன்னவன் நான்தான். காலையில் வயிறு உப்பி, கை கால் சில்லிட்டிருந்தது. திறந்து பார்த்த டாக்டர், குடல் முறுக்கிக் கறுத்துவிட்டது என்றார். குழந்தை தங்கவில்லை.

விஷயம் இதுதான். தாய்ப்பால் வெள்ளை. குழந்தை திரிந்த பாலைக் கக்கினால், எடையும் ஏறி வந்தால், பெரும்பாலும் பயமில்லை. பச்சை என்பது பித்தநீர். அது கல்லீரலில் சுரந்து, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் வந்து சேர்வது. அது வாய் வழியே வெளிவருகிறது என்றால், கீழே எங்கோ பாதை அடைத்திருக்கலாம். பிறவியிலேயே குடலில் துவாரம் இல்லாமல் இருக்கலாம். குடல் சரியாகத் திரும்பி அமையாமல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கினால் ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் குடல் செத்துவிடும். வசம்பால் அந்த முறுக்கை அவிழ்க்க முடியுமா?

"அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா?" என்று கேட்பார்கள். வளர்த்தார்கள். போனவற்றை யார் எண்ணினார்கள்? 1951 வாக்கில் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 146 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் அது 13. இந்த வித்தியாசம் உரைமருந்தால் வந்ததில்லை.

இன்னொரு வழக்கம், வாந்தியில் போன நீருக்கு ஈடாகச் சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர் புகட்டுவது. வாந்தியில் போவது நீர் மட்டுமல்ல. உப்பும் அமிலமும் சேர்ந்து போகின்றன. வெறும் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தை மேலும் குறைக்கும்; வலிப்பு வரலாம்.

மூன்று முதல் ஆறு வாரக் குழந்தைக்கு வருகிற வேறொரு அடைப்பு உண்டு. இரைப்பையின் வாயில் தசை தடித்துப்போய், குடித்த பால் வெள்ளையாகவே பீய்ச்சி அடிக்கும். குளோரைடும் பொட்டாசியமும் குறைந்து ரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடும். அந்த நிலையில் மயக்கமருந்து கொடுத்தால் மூச்சுக்கே ஆபத்து. அதனால் டாக்டர்கள் முதலில் நரம்பில் திரவம் ஏற்றி, உப்புக் கணக்கைச் சரி செய்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். "ஆபரேஷன் பண்ணாமல் இழுத்தடிக்கிறார்கள்" என்று வராந்தாவில் நின்று சத்தம் போடுகிறவர்களும் நம் வயதுக்காரர்கள்தான்! வீட்டில் வேண்டிய அவசரம் நமக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியில் வேண்டிய பொறுமையும் வருவதில்லை.

நான் நாட்டு மருந்துக்கு விரோதி இல்லை. கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பிரசவ லேகிய சாமான் வாங்கி வந்தவன்தான். அது தாய்க்கு. பிறந்த குழந்தையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம்.

தாத்தா பாட்டிகள் நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். பச்சை வாந்தி. வயிறு உப்பல். முதல் 24 மணி நேரத்தில் கறுப்பு மலம் (பாட்டிகள் காட்டுப்பீ என்பார்கள்) போகாதது. மலத்தில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் நடு ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர் இருக்கிற இடத்துக்கே போக வேண்டும். லஸ்ஸிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை ஐந்தாறு கிலோமீட்டர்தான். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் அந்த நிறத்தைப் பார்க்கட்டும்.

நண்பரின் மருமகள் மாமியாரைக் கேட்காமல் அன்றே குழந்தையைக் கொண்டுபோய்விட்டாள். மருந்து புகட்டிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். "வீண் செலவு, வீண் பயம்" என்று நண்பருக்கு என் மேல் இன்னும் வருத்தம். இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறார்.

உட்காரட்டும். ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போகச் சொன்னேன். என் தங்கைக்கு இப்போது எழுபது வயது. அந்த இரவைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.