பழைய ஈகோஸ்போர்ட் வாங்குறீங்களா? முதல்ல பெல்ட்டைக் கேளுங்க

1/ மண்டகப்பட்டு, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் செகண்ட் ஹேண்ட் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் தேடும் நண்பர்களுக்கு. நான் மெக்கானிக் இல்லை, டாக்டர். ஆனால் அறிகுறி காட்டாமல் முற்றும் நோய் எப்படிப்பட்டதுன்னு தெரியும்.

2/ 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலோ, தவறான ஆயில் ஊற்றினாலோ பெல்ட் உதிரும். அந்தத் துகள் ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். ரத்தக்குழாய் அடைப்பு மாதிரிதான். ஹைவேஸ்ல எஞ்சின் ஜாம் ஆனால் உள்ளே இருப்பது உங்க குடும்பம்.

3/ 2013-ல் வந்த 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். கிளம்பும்போது வண்டி நடுங்கினால் விட்டுடுங்க.

4/ 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸ் உண்டுன்னும் சொன்னது. ஆனாலும் பாகம் கிடைக்க எத்தனை நாள், என்ன விலைன்னு விசாரிச்சுட்டு அட்வான்ஸ் கொடுங்க.

5/ என் கருத்து இதுதான். சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத ஈகோபூஸ்ட் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம். ரெக்கார்டு இருந்தால், பெல்ட் மாற்றும் செலவையும் கார் விலையோடு கூட்டிப் பாருங்க. கையைக் கடிக்குதா? அந்தக் கார் உங்களுக்கானது இல்லை.