திரையில் நம் முகம் எங்கே?

"சினிமாதானே, விட்டுத் தள்ளுங்கள்!" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். "நம்மைக் கேவலப்படுத்துகிற படங்களை சர்க்கார் தடை செய்யட்டும்" என்கிறார்கள் வேறு சிலர். கொடுங்கையூர் டீக்கடைகளில் நடக்கிற வாதம் இதுதான். இரண்டு அபிப்பிராயங்களையும் நாம் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

கொடுங்கையூர், வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்களைக் கேட்டதும் வெளியூர்க்காரர் மனக்கண்ணில் எது தோன்றுகிறது? அரிவாளும் ரவுடியும் கஞ்சாப் பொட்டலமும். அவர் இந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. கொட்டகையில்தான் பார்த்திருக்கிறார்.

இதனால் யாருக்கு நஷ்டம்? வேலை கேட்டுப் போகிற நம் பையன் விலாசத்தைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது. முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், பெயரைக் கேட்டதும் "வீடு முடிந்துவிட்டது" என்று பதில் வருகிறது. திருநங்கை தெருவில் இறங்கினால், படத்தில் வந்த கேலி வார்த்தையே அவர் காதில் விழுகிறது. எனவே இது வெறும் மானப் பிரச்னை அல்ல. கூலிப் பிரச்னை, குடியிருப்புப் பிரச்னை.

நியாயமாகப் பேச வேண்டும். எல்லாப் படமும் ஒன்றல்ல. 2014-ல் வந்த 'மெட்ராஸ்', வியாசர்பாடி ஹவுசிங் போர்டு இளைஞனைப் படித்தவனாக, கம்பெனி வேலைக்குப் போகிறவனாக, பந்து விளையாடுகிறவனாகக் காட்டியது. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை', துறைமுகத் தொழிலாளியின் குத்துச்சண்டையைக் கௌரவத்தோடு காட்டியது. 2018-ல் வந்த 'வடசென்னை', மீனவர் குடியிருப்பைப் பறிக்கும் சூழ்ச்சியைச் சொன்னது. இவற்றை நாம் வரவேற்றோம். ஆனால் இவற்றிலும் பெண்ணுக்குக் கிடைத்த இடம் என்ன? காதலி, மனைவி, அழுகிற தாய். அவள் கோபிக்கலாம், தட்டிக் கேட்கலாம். கதையை நடத்துகிறவன் ஆண்தான்.

விதிவிலக்கும் உண்டு. சுதா கொங்கரா என்ற பெண் டைரக்டர் 2016-ல் எடுத்த 'இறுதிச்சுற்று' படத்தில் வடசென்னையின் மீன்காரப் பெண் குத்துச்சண்டை மேடையில் ஏறினாள். மேலே போக முயலும் பெண்ணிடம் அதிகாரி கேட்கும் விலை என்ன என்பதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. அந்த வேடத்தில் நடித்தவர் மும்பையிலிருந்து வந்த கிக்பாக்ஸிங் வீராங்கனை ரித்திகா சிங். அவர் திறமையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நம் தெருப் பெண்ணின் கறுத்த முகம் திரைக்கு ஆகாது என்று பட முதலாளிகள் பல காலமாகத் தீர்மானித்திருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுப்பதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. இதைவிடப் பெரிய கதை எந்தப் பட முதலாளியிடம் இருக்கிறது? 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மார்கள் எந்தப் படத்தின் கதாநாயகிகள்? கிராமத்துத் தோழர்களின் நிலையும் இதுவே. நடவு நடும் பெண் திரையில் வருகிறாள், ஒரு பாட்டுக்கு. பாட்டு முடிந்ததும் மறைந்து விடுகிறாள். அவள் கூலி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

சிறுபான்மையினர் விஷயம் இன்னும் மோசம். முன்பெல்லாம் வில்லனின் கையாளுக்கு ராபர்ட், பீட்டர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு குண்டு வைப்பவனுக்கு முஸ்லிம் பெயர் வைத்தார்கள். 2012-ல் 'துப்பாக்கி' படத்தை எதிர்த்து முஸ்லிம் அமைப்புகள் கிளர்ந்தன. சில காட்சிகள் வெட்டப்பட்டன. 2015-ல் 'ஐ' படத்தில் திருநங்கையை இழிவுபடுத்தியதை எதிர்த்துச் சென்னையில் திருநங்கையர் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. நாம் அவர்கள் பக்கமே நிற்கிறோம்.

அப்படியானால் தடை கேட்கலாமே என்பீர்கள். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தை மாநில சர்க்கார் தடுத்து நிறுத்தியது. பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. சில இடங்களில் ஒலியை அடக்கி, பிப்ரவரியில் படம் வெளிவந்தது. கண்ட பலன் என்ன? படத்துக்கு விளம்பரம். முஸ்லிம் தொழிலாளி ஒருவனின் உண்மை வாழ்க்கையைச் சொல்லும் ஒரு காட்சியாவது அதனால் பிறந்ததா? தடைக்கோலை சர்க்கார் கையில் கொடுத்தால் அது முதலில் யார் முதுகில் விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வெள்ளையன் 1876-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். 1954-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த நாடகச் சட்டம் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் மீது பாய்ந்தது. 2021-ல் இருளர் மீது நடந்த போலீஸ் கொடுமையைச் சொன்ன 'ஜெய் பீம்' படத்துக்கு எதிராகவும் மிரட்டல்கள் கிளம்பின.

நாம் கேட்பது தடை அல்ல, இடம்! கதை எழுதும் மேஜையில் இடம், கேமிராவுக்குப் பின்னால் இடம், நடிப்பில் இடம். 2011-ல் 'நர்த்தகி' படத்தில் திருநங்கை வேடத்தில் திருநங்கையான கல்கி சுப்பிரமணியமே நடித்தார். ஒருவர் செய்ய முடிந்ததை நூறு பேர் ஏன் செய்யக்கூடாது? கேமிராவுக்குப் பின்னால் பெண்களின் கதி என்ன என்பதை 2024 ஆகஸ்டில் வெளிவந்த கேரள ஹேமா கமிட்டி அறிக்கை போட்டு உடைத்தது. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, மானத்துக்குப் பாதுகாப்பில்லை. தளத்தில் பெண்ணை மதிக்காதவன் திரையில் மட்டும் மதிப்பானா?

இது ஆகாத காரியமல்ல. 1960-ல் நிமாய் கோஷ் டைரக்ட் செய்து, எம்.பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' தொழிலாளியைக் கதாநாயகனாக்கியது. வசூலில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் இந்த இருவருமே சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய முன்னோடிகள். படமும் சங்கமும் ஒன்றாகப் போக முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

கடைசியாக ஒரு கசப்பான விஷயம். கதாநாயகன் பெண்ணை அறைந்ததும் கொட்டகையில் விசிலடித்தது யார்? திருநங்கையைக் கேலி செய்ததும் விழுந்து விழுந்து சிரித்தது யார்? முதலாளியா? இல்லை, தோழர்களே, நாம்தான்! நம் காசில்தான் அந்தக் காட்சி ஓடுகிறது. அந்த விசிலை நிறுத்துவதுதான் முதல் வேலை.

அடுத்த வேலை, ஆலைவாசலிலும் கிராமத்துச் சங்கத்திலும் படங்களைப் பற்றிப் பேசுவது. அந்தக் கூட்டத்தில் பெண்கள் முதலில் பேசட்டும், ஆண்கள் கேட்கட்டும். பிறகு நம் நாடகங்களை நாமே போடுவோம். இன்று செல்போனிலேயே கேமிரா இருக்கிறது. குப்பைமேட்டுத் தாயின் கதையை அவள் மகள் படமெடுக்கட்டும்!

நம் முகத்தை நாமே காட்டாத வரையில், பிறர் வரைந்த கோரமுகத்துக்கு நாம்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருப்போம்.