லூபஸ் இருந்தால் ஓரமாகத்தான் உட்கார வேண்டுமா?

லூபஸ் நோய் உள்ளவர்களுக்கு நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை, “உடம்பை அலட்டிக்கொள்ளாதே, ஓய்வெடு” என்பதுதான். அன்போடு சொல்லப்படும் இந்த அறிவுரையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

லூபஸ் தொற்றுநோய் அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்குவதால் மூட்டு, தோல், சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள் இது தலைகாட்டுகிறது. எஸ்பிஎம், எஸ்டிபிஎம், பல்கலைக்கழகம் என நாம் ஓடிக்கொண்டிருக்கும் வயதும் இதுதான்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கோலாலம்பூருக்குப் படிக்க வரும் என் தோழிக்கு லூபஸ் இருக்கிறது. இரவு முழுக்கத் தூங்கினாலும் களைப்போடுதான் எழுவாள். பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால் இரயிலில் இருக்கை கேட்கவும் கூச்சப்படுவாள்.

களைப்பாக இருப்பவரை எதற்கு நடக்கச் சொல்ல வேண்டும்? அசையாமல் இருந்தால் தசைகள் வலுவிழக்கும். பிறகு சிறு வேலைகூடப் பெரும் களைப்பைத் தரும். லூபஸ் நோயாளிகளுக்கு இதயநோய் அபாயமும் அதிகம். ஸ்டீராய்டு மருந்தை நீண்டகாலம் உட்கொண்டால் எலும்புகள் தேயும். இவற்றையெல்லாம் எதிர்கொள்ள உடற்பயிற்சி கைகொடுக்கிறது.

2003-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், முக்கிய உறுப்புகளில் நோய் தீவிரமாக இல்லாத 93 லூபஸ் நோயாளிகள் பங்கேற்றனர். 12 வாரம் படிப்படியாகப் பயிற்சி செய்த குழுவில் ஏறக்குறைய பாதிப்பேர், தாங்கள் நன்றாகவே தேறியிருப்பதாகக் கூறினர். பயிற்சியால் நோய் முற்றவில்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 பரிந்துரைகளும் உடற்பயிற்சியை வலியுறுத்துகின்றன.

ஆனால் நம் நாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் லூபஸைத் தூண்டிவிடும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் வெயில்தான். பிற்பகல் மூன்று மணிக்குத் திடலில் ஓடச் சொல்வது இவர்களுக்கு ஆபத்து. அதற்காக விளையாட்டிலிருந்தே விலக்கிவைப்பதும் சரியல்ல. மண்டபத்தில் பூப்பந்து ஆடலாம். மாலை ஆறு மணிக்குமேல் நடக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரலையொட்டிய பேரங்காடிக்குள் நடக்கலாம். இதற்குக் காசு வேண்டாம், வெயிலும் இல்லை.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பத்து நிமிட நடையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. காய்ச்சலோ மூட்டு வீக்கமோ வந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலக்குக் கடிதத்தோடு வரும் மாணவியிடம், “உன்னால் எதைச் செய்ய முடியும்?” என்றும் கேளுங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். “உன்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லையே” என்று சொல்லாதீர்கள். “சாயங்காலம் நடக்கப் போகலாமா?” என்று கேளுங்கள். இன்று முடியாது என்று அவள் சொன்னால் கோபிக்காமல் நாளையும் கேளுங்கள்.