பொம்மையை நடக்க வைக்க எந்தக் கமெரா வேண்டும்?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று வன்னியிலிருந்து வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சேமிப்புக் குழு. தையலும் பனையோலை வேலையும் செய்கிறார்கள். ஓலையாலும் துணியாலும் செய்த பொம்மைகளை அசைய வைத்து ஒரு சிறிய படம் எடுக்க அவர்களுக்கு ஆசை. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத ஊர்களில், கீழே கிடக்கும் எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது என்று முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் படம் அது. குழுவின் கையில் 45,000 ரூபா இருக்கிறது. நகரத்துக் கடையொன்றில் பாவித்த வீடியோ கமெரா ஒன்று அந்த விலைக்குக் கிடைக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

வாங்க வேண்டாம், தங்கச்சிமாரே. ஏன் என்று சொல்கிறேன்.

பொம்மைப் படத்துக்கு ஓடும் வீடியோ தேவையில்லை. பொம்மையை மேசையில் வைத்து ஒரு படம் எடுக்கிறோம். காலைச் சற்று நகர்த்தி இன்னொரு படம். மீண்டும் நகர்த்தி இன்னொன்று. இப்படி எடுத்த படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் பொம்மை நடப்பதாக நம் கண்ணுக்குத் தெரியும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மைப் படத்துக்கு 12 படங்கள் போதும். ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள், இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஆகவே நமக்கு வேண்டியது ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான தனிப்படங்களை மாறாமல் எடுக்கும் கருவி.

நாடாவில் பதியும் பழைய வீடியோ கமெராவில் ஒரு விநாடிக்குக் குறைவான சிறு துண்டைப் பதிந்து நிறுத்துவது கடினம். ஒவ்வொரு முறையும் துண்டின் நீளம் மாறும். பொத்தானை அழுத்தும்போது கமெராவும் அசையும். நாடாவைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் பதியாமல் இருந்தால் அநேகமான கமெராக்கள் தாமாகவே நின்றுவிடும். பொம்மையின் கையைச் சரிசெய்து முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகுமே! படத்தைக் கணினிக்கு மாற்றத் தேவையான பழைய வகை இணைப்புத் துளையும் இன்றைய கணினிகளில் இல்லை. நாடா கிடைப்பதும் அரிது. படத்தின் தெளிவும் 720க்கு 576 புள்ளிகள்தான்.

அப்படியானால் எது வேண்டும்? முதலில் உங்கள் ஐவரில் யாரிடமாவது இருக்கும் கைத்தொலைபேசியைப் பாருங்கள். இன்றைய முழுத் தெளிவுப் படத்துக்கு 1920க்கு 1080 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் போதும். சாதாரண கைத்தொலைபேசியே இதைவிடப் பல மடங்கு தருகிறது. ‘ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ’ போன்ற செயலிகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. முந்தைய படத்தை மெல்லிய நிழலாகத் திரையில் காட்டுவதால், பொம்மையை எவ்வளவு நகர்த்தினோம் என்று உடனே தெரியும். எடுத்த படங்களை அங்கேயே ஓட்டியும் பார்க்கலாம்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். அழைப்பு வந்து குழப்பாதபடி விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். திரையைத் தொட்டால் கருவி அசையும். பல கைத்தொலைபேசிகளில் காதில் மாட்டும் வயரிலுள்ள ஒலிப் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கலாம். திரையில் பொம்மையின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல கருவிகளில் வெளிச்சமும் குவியமும் பூட்டப்படும்.

இந்தப் பூட்டுத்தான் முழு விடயத்தின் உயிர். கமெரா தானாகவே வெளிச்சத்தைக் கணக்கிட்டால், உங்கள் கை நிழல் விழுந்த ஒரு படம் வெளுப்பாகவும் அடுத்தது கறுப்பாகவும் வரும். ஓட்டிப் பார்க்கும்போது விளக்குச் சிமிட்டுவது போலிருக்கும். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்தச் சிமிட்டலைத்தான் பார்ப்பார்கள்.

பிற்பாடு கமெராதான் வேண்டும் என்று தோன்றினால், பாவித்த புகைப்படக் கமெரா ஒன்றை வாங்குங்கள். டிம் பேர்ட்டனும் மைக் ஜோன்சனும் இயக்கி 2005இல் வெளிவந்த ‘கோர்ப்ஸ் பிரைட்’ என்ற முழுநீளப் பொம்மைப் படம், கெனன் புகைப்படக் கமெராக்களால்தான் எடுக்கப்பட்டது. பெரிய ஸ்டூடியோவே வீடியோ கமெராவைத் தேடவில்லை.

கடைக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. வெளிச்சம், குவியம், நிறம் மூன்றையும் கையால் அமைத்து மாறாமல் வைத்திருக்க முடியுமா?
2. பற்றரி இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் இயங்க வழி உண்டா? பாதிக் காட்சியில் பற்றரியை மாற்றினால் கமெரா அசைந்துவிடும்.
3. முக்காலித் தாங்கியில் பூட்டும் திருகுத் துளை நல்ல நிலையில் இருக்கிறதா?
4. கமெரா காணும் காட்சியை வயர் மூலம் கணினியிலோ தொலைக்காட்சியிலோ பார்க்கலாமா?
5. இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டுள்ளது? பல சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கமெராக்களின் மூடுதிரை ஏறக்குறைய 1 இலட்சம் படங்களுக்கென்று கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. உங்கள் இரண்டு நிமிடப் படமே 1,440ஐ எடுத்துக்கொள்ளும்.

பிறகு கடை மேசையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து, எதையும் தொடாமல் 20 படங்கள் எடுங்கள். அவற்றை வேகமாகத் தள்ளிப் பாருங்கள். கோப்பை அசையாமலும் வெளிச்சம் மாறாமலும் இருந்தால் அந்தக் கமெரா உதவும். மாறினால், அமைப்பைச் சரிசெய்யச் சொல்லி மீண்டும் எடுங்கள். அப்போதும் மாறினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மிச்சப்படும் பணத்தில் உறுதியான தாங்கியும் இரண்டு மேசை விளக்குகளும் வாங்குங்கள். யன்னலை மூடித் துணி போட்டுவிடுங்கள். வெயில் நகர நகரப் படத்தின் நிறம் மாறும். கமெரா வாங்குவதற்காக ஒருபோதும் நுண்கடன் எடுக்காதீர்கள். வாராவாரம் வாசலில் வந்து நிற்பவரிடம் பொம்மையைக் காட்டித் தவணை கட்ட முடியாது.

லொட்டே ரைனிகர் என்ற ஜேர்மன் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு அட்டையில் கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டி, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் வைத்து, மேலேயிருந்த கமெராவால் ஒவ்வொரு படமாக எடுத்தார். இளவரசர் அஹ்மதின் கதையைச் சொல்லும் அவரது முழுநீளப் படம் 1926இல் வெளிவந்தது. இன்றுவரை அழியாமல் கிடைத்துள்ள முழுநீள அசைவூட்டப் படங்களில் அதுவே மிகப் பழையது. அவருடைய முதன்மைக் கருவி கத்தரிக்கோல். அது உங்கள் தையல் பெட்டியிலும் இருக்கிறது.

இன்னுமொன்று. எங்களில் பலருக்குச் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆனால் கமெராவுக்கு முன்னால் முகம் காட்ட முடியாது. பொம்மை அந்த முகத்தை மறைத்துக் கதையைச் சொல்லும். குரலையும் வேறொரு சகோதரி கொடுக்கலாம். ஆனால் அந்தக் கதைக்குரியவரின் சம்மதம் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது. குறிப்பெழுதிய கொப்பி, பதிந்த குரல், படங்கள் எல்லாம் யாரிடம் இருக்கும் என்பதைக் குழுவாகக் கூடி முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஆகவே தங்கச்சிமாரே, 45,000 ரூபாவும் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும். இருக்கும் கைத்தொலைபேசியை நாலு செங்கல்லுக்கிடையில் அசையாமல் நிறுத்தி, 120 படங்கள் எடுங்கள். பத்து விநாடிப் படம் கிடைக்கும். ஒரு பிள்ளை ஓலைப் பெட்டியோடு நடந்து வருகிறது, கீழே எதையோ காண்கிறது, நிற்கிறது, திரும்பி அம்மாவிடம் ஓடுகிறது. அவ்வளவு போதும். அதை முன்பள்ளியில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு விளங்கினால் மீதிக் கதையைத் தொடங்கலாம். விளங்காவிட்டால் மாற்ற வேண்டியது கதையை, கமெராவை அல்ல.

அடுத்த மாதம், துணிப் பொம்மை நிமிர்ந்து நிற்பதற்கு உள்ளே கம்பி வைக்கும் முறையை எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா