காலி நாற்காலிகள்

போர்த்துகல் தேசத்தில் அவேரோ என்று ஒரு நகரம் இருக்கிறது. 2004-ம் வருஷத்து ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காக அங்கே ஏறக்குறைய 30,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் ஒன்றைக் கட்டினார்கள். கட்டியவர் கெட்டிக்காரர். நாற்காலிகளுக்கெல்லாம் ஒரே வர்ணம் கொடுக்காமல், பல வர்ணங்களை வாரி இறைத்தது போல் கலந்து போட்டுவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால், விதவிதமான சட்டை போட்ட ஜனங்கள் நெருக்கியடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். கிட்டத்தில் போனால்தான் ஈ காக்கை இல்லை என்ற உண்மை வெளியாகும்!

இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சற்று வருத்தமாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு எதிர்பார்த்த விருந்தாளிகள் வராவிட்டால், பந்தியில் நாலு இலையை எடுத்து விடலாம், யாருக்கும் தெரியாது. மைதானத்து நாற்காலியை அப்படி எடுத்துவிட முடியுமா? வர வேண்டியவர் வரவில்லை என்பதை அது ஊரறியச் சொல்லிக் கொண்டே கிடக்கும்.

நம் தேசத்திலும் அது ஒரு சமயம் உரக்கச் சொல்லிற்று. 2018-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி, மும்பையில் நம் இந்தியக் கால்பந்துக் குழு சீனத் தைபே குழுவை எதிர்த்து ஆடியது. ஐந்து கோல் போட்டு ஜயித்தது; எதிரிகள் ஒரு கோல் கூடப் போடவில்லை. ஐந்தில் மூன்று, தலைவர் ஸ்ரீ சுனில் சேத்ரி போட்டவை. இந்த வைபவத்தைக் கண்டு களிக்க வந்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,569 பேர். ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் பட்டணத்தில்!

மறுநாள் சேத்ரி ஒரு காரியம் செய்தார். ஒரு சிறு படத்தில் தோன்றிப் பேசி, அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். ஐரோப்பியக் குழுக்களின் பக்தர்களைப் பார்த்து, எங்கள் ஆட்டம் அந்தத் தரத்துக்கு வரவில்லை என்பதை நாங்களே ஒப்புக் கொள்கிறோம், ஆனாலும் வந்தால் உங்கள் பொழுதை வீணாக்க மாட்டோம் என்றார். திட்டுவதாயிருந்தாலும் மைதானத்துக்கு வந்து முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்று வேண்டிக் கொண்டார். தேசத்தின் கொடியைச் சட்டையில் தாங்கி ஆடும் ஒருவர் தம் சொந்த ஜனங்களைப் பார்த்துக் கை கூப்ப நேர்ந்தது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. ஆனால் பலன் இருந்தது. ஜூன் 4-ந் தேதி கென்யா குழுவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டுகள் அத்தனையும் விற்றுப் போயின. அன்று கொட்டிய மழையைப் பொருட்படுத்தாமல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அது சேத்ரிக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். மூன்று கோலில் இரண்டு அவருடையவை.

மூன்று நாளில் ஆட்டக்காரர்களின் திறமை வளர்ந்துவிடவில்லை. மைதானம் வேறு பேட்டைக்கு இடம் பெயரவும் இல்லை. புதிதாக வந்தது ஒன்றுதான்: அழைப்பு. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத கல்யாணத்துக்கு நம்மில் யார் போகிறோம்?

ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குழுத் தலைவரே வந்து தாம்பூலம் வைத்துக் கொண்டிருக்க முடியாது. அழைக்காமலே ஜனங்கள் வந்த காலமும் நம் தேசத்தில் உண்டு.

1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி. இடம் கல்கத்தா. (கொல்கத்தா என்று பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் நம் வாயில் வருவது கல்கத்தாதான்.) மோகன் பாகான் சங்கத்தாரும் கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரும் கேடயத்துக்காக மோதிய கடைசி ஆட்டம் அது. வங்காளிகளில் ஒருவர் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங் காலுடன் ஆடினார்கள். வங்காளத்தைக் கர்ஸான் பிரபு வெட்டி இரண்டாக்கிய புண் ஆறாத சமயம். கூட்டம் 60,000 என்பவர்களும் உண்டு. 80,000 என்பவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு உட்கார நாற்காலியும் இல்லை, ஆட்டம் கண்ணில் படவும் இல்லை. மரக் கிளைகளில் தொற்றிக் கொண்டவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்குக் கோல் கணக்கை எழுதிக் காற்றாடி பறக்க விட்டார்களாம்! முதல் கோல் பட்டாளத்தார் போட்டது. ஆகையால் முதலில் வானத்தில் ஏறியது துக்கச் செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு சிவதாஸ் பாதுரி ஒரு கோலும், அபிலாஷ் கோஷ் ஒரு கோலும் போட்டார்கள். காற்றாடியைப் பார்த்தே அத்தனை ஆயிரம் பேரும் ஜயித்தார்கள்.

இது அடிமைத் தேசத்தின் ஆவேசம், சுதந்திரம் வந்த பிறகு ஆறிவிடும் என்று சிலர் சொல்லலாம். ஆறவில்லை என்பதற்கும் கல்கத்தாவே சாட்சி. 1997-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி, சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகானும் மோதியதைப் பார்க்க 1,31,781 பேர் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னாலேயே மோகன் பாகானின் பயிற்சியாளர் எதிர்க் கட்சி ஆட்டக்காரர்களின் பெயரைத் திரித்துப் பரிகாசம் செய்திருந்தார். பரிகாசத்துக்கு ஆளானவர்களில் ஒருவரான பைசுங் பூட்டியா மூன்று கோல் போட்டுப் பதில் சொன்னார். ஈஸ்ட் பெங்காலுக்கு 4, மோகன் பாகானுக்கு 1. அந்த நகரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் ஹில்ஸா மீனுக்கும், மோகன் பாகான் ஜயித்தால் இறாலுக்கும் விலை ஏறும் என்று சொல்வார்கள். மறுநாள் மீனைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு இன்று டிக்கெட் விற்பதில் என்ன சிரமம் இருக்கிறது?

நிரப்புவது வேறு, அடைப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதே இரண்டு சங்கங்கள் 1980-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் ஆடியபோது மூண்ட கலகத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தார்கள். காலி நாற்காலியை விடக் கொடியது அது.

நிற்க. டிக்கெட் விலைக்கு வருவோம். விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்று ஒரு கட்சி. விலை ஒரு பொருட்டே அல்ல, ஆட்டம் நன்றாயிருந்தால் ஜனங்கள் தாமே வருவார்கள் என்று மற்றொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பதில் சொல்ல இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போக வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் லிவர்பூல் குழு உலகப் பிரசித்தமானது. அங்கே காலி நாற்காலி என்ற பேச்சே கிடையாது. 2016-ம் வருஷம் அந்தக் குழுவின் முதலாளிகள், மறு பருவத்தில் சில ஆசனங்களுக்கு 77 பவுன் வசூலிக்கப் போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் கல் எறியவில்லை. நாற்காலியை உடைக்கவும் இல்லை. பிப்ரவரி 6-ந் தேதி ஸண்டர்லாந்து குழுவுடன் நடந்த ஆட்டத்தில், சரியாக 77-வது நிமிஷம் வந்ததும், ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள்! அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. அவர்கள் போன பிறகு ஸண்டர்லாந்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. நாலே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுன் திட்டத்தைக் கைவிட்டு, உச்ச விலையை 59 பவுனிலேயே நிறுத்தி வைத்தார்கள். நம் ஒத்துழையாமைப் பாடத்தை ஆங்கிலேயர் நூறு வருஷம் கழித்தாவது கற்றுக் கொண்டார்களே என்று எனக்கு ஒரு திருப்தி.

ஜெர்மனியில் டுஸல்டார்ப் நகரத்துக் குழுவினர் இதற்கு நேர்மாறான காரியம் செய்தார்கள். சில வியாபார ஸ்தாபனங்களின் பண உதவியுடன், சில ஆட்டங்களுக்கு டிக்கெட் முழுவதும் இலவசம் என்று 2023-ம் வருஷம் அறிவித்தார்கள். முதல் இலவச ஆட்டம் அக்டோபர் 21-ந் தேதி நடந்தது. இருக்கிற இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. மைதானத்தில் 50,000 பேருக்கு மேல். உள்ளூர்க் குழு முதலில் மூன்று கோல் பின்தங்கி, பிறகு நாலு கோல் போட்டு ஜயித்தது. காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில் கூட இந்த மாதிரி எல்லா நாளும் கிடைக்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் இலவசமாக்கிவிட்டால் போதுமா? சென்னையில் மார்கழி மாதத்துச் சபாக்களுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். மத்தியானக் கச்சேரிக்குக் காசு இல்லை. நாற்காலிகள் கொட்டாவி விடுகின்றன. சாயங்காலம் காசு கொடுத்து வாங்கும் இடத்துக்கு அடிபிடி! இலவசம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வர வேண்டும் என்ற ஆசையை அதனால் உண்டாக்கிவிட முடியாது.

அந்த ஆசை சிறு பிராயத்தில், பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக் கொண்டு மைதானத்துக்குப் போகும்போது உண்டாகிறது என்பது என் கட்சி. 2017-ம் வருஷம் பதினேழு வயதுக்குட்பட்டவர்களின் உலகக் கோப்பைப் போட்டி நம் தேசத்தில் நடந்தது. 52 ஆட்டங்களுக்கு மொத்தம் 13,47,133 பேர் வந்தார்கள். அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அதுவரை கூடாத கூட்டம். நம் பையன்கள் ஆடிய மூன்றிலும் தோற்றார்கள். போட்டது ஒரே ஒரு கோல். ஆனாலும் டில்லி மைதானத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆயிரக் கணக்கில் இலவசமாக அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். இது கூடிய கூட்டமா, கூட்டிய கூட்டமா என்று சிலர் கேலி செய்தார்கள். கூட்டியதாகவே இருக்கட்டும். கோலைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறப்பானா? குறை சொல்ல வேண்டுமானால், அந்தப் பிள்ளைகளை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடாததைச் சொல்லலாம்.

மைதானத்தை நடத்துகிறவர்களின் கணக்கு அன்றைய இரவு வசூலோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கு எங்கே கொண்டு போய் விடும் என்பதை 2025-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி அதே சால்ட் லேக் மைதானத்தில் கண்டோம். அர்ஜென்டினாவின் லயனல் மெஸ்ஸியைத் தரிசிக்க ஜனங்கள் ஆயிரக் கணக்கான ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தார்கள். நாற்காலி காலியாயில்லை. ஆனால் ஆட்டமும் இல்லை! பெரிய மனிதர்களும் அவர்களுடைய பரிவாரமும் அவரைச் சூழ்ந்து கொண்டதில், பணம் கொடுத்தவர்களின் கண்ணில் அவர் படவே இல்லை. சிறிது நேரத்தில் அவர் போய்விட்டார். அப்புறம் அந்த நாற்காலிகளே பெயர்ந்து மைதானத்துக்குள் பறந்தன.

நடுத்தரக் குடும்பத்துக்கு டிக்கெட் விலை என்பது டிக்கெட்டில் அச்சடித்த விலை மட்டும் அல்ல. நாலு பேர் போய் வர வண்டிச் செலவு. வீட்டிலிருந்து கொண்டு போன தண்ணீரை வாசலில் பறித்துக் கொள்வார்கள். உள்ளே அதையே காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்திரீகளுக்குரிய வசதி எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை விசாரிக்காமல் இருப்பதே மேல். தொலைக்காட்சியின் சௌகரியத்துக்காக ஆட்டத்தை இரவு ஏழரை மணிக்கு ஆரம்பித்தால், முடியும்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தூங்கி விழுகிறான். ஒரு முறை இப்படி அவதிப்பட்டவர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் மறு முறை யோசிப்பார்கள். சனி, ஞாயிறு மாலை நாலு மணி ஆட்டமும், பெற்றோருடன் வரும் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு விலையும், குடிக்கத் தண்ணீரும் கொடுத்துப் பார்க்கட்டும். காலியாகக் கிடக்கும் நாற்காலியால் இப்போது வரும் வருமானம் பூஜ்யம்தானே? அதற்குக் கீழே போக இடமில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். ஸ்பெயின், இங்கிலாந்துக் குழுக்களின் ஆட்டக்காரர் பெயர்களை அர்ச்சனை மாதிரி ஒப்பிப்பான். அவனுக்குச் சேத்ரியின் கதையைச் சொன்னேன். 2024-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி, தேசத்துக்காகக் கடைசி முறையாக ஆடுகிறேன் என்று சொல்லி அவர் கல்கத்தாவில் இறங்கியபோது 58,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள் என்பதையும், குவைத் குழுவுடன் அன்று ஒரு கோல் கூட விழவில்லை என்பதையும், ஆட்டம் முடிந்து அவர் கண்ணீருடன் மைதானத்தைச் சுற்றி வந்தார் என்பதையும் சொன்னேன். (மறு வருஷமே அவரை மறுபடியும் அழைத்துக் கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.) பையன் வாயைப் பிளந்து கொண்டு கேட்டான்.

"அடுத்த ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துக் கொண்டு போகிறீர்களா, மாமா?" என்றான்.

"ஆகட்டும்" என்றேன்.

உள்ளேயிருந்து அவன் தாயார், "எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள் என்று கேள்!" என்றாள்.